பைப்லைன் பிராசஸர் பிழையில்லாதது என்று நிரூபிப்பது எப்படி: நீலகிரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேத்தி, குன்னூர், கூடலூர் பக்கம் இன்ஜினியரிங் படிப்பவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஐந்து கட்ட பைப்லைன் பிராசஸர் (ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் முடியும் முன்பே அடுத்தடுத்தவை உள்ளே வரும் பிராசஸர்) ஒன்றை எழுதுவது வழக்கம். எழுதி முடித்ததும் சில டெஸ்ட் புரோகிராம்களை ஓட்டுவார்கள். எல்லாம் பாஸ் ஆனால் ரிப்போர்ட் தயாராகிவிடும். ஆனால் பாஸ் ஆன டெஸ்டுகள், அந்த டெஸ்டுகளில் பிழை வரவில்லை என்பதை மட்டுமே சொல்கின்றன. எந்த புரோகிராமை, எந்த டேட்டாவோடு ஓட்டினாலும் பைப்லைன் தப்பாது என்று சொல்ல நிரூபணம் வேண்டும். அதற்கு எஃப்.பி.ஜி.ஏ. (டிசைனை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் சிப்) போர்டு தேவையில்லை. ஒரு சாதாரண லேப்டாப், பைத்தான், இசட்3 சால்வர் (கொடுத்த தர்க்க நிபந்தனைகளை நிறைவேற்றும் மதிப்புகள் உண்டா என்று தேடும் மென்பொருள்) ஆகியவை போதும். இசட்3 இலவசம், பைத்தானின் பிப் மூலம் ஒரே கட்டளையில் இறங்கிவிடும். ஒருமுறை இறக்கிய பிறகு இன்டர்நெட் தேவைப்படாது என்பதால், மழைக்காலத்தில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது.

யாருடைய வழியில் போகிறோம்

ராண்டல் இ. பிரயன்ட் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். டேவிட் ஓ'ஹாலரனோடு சேர்ந்து அவர் எழுதிய 'கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ்: எ புரோகிராமர்ஸ் பெர்ஸ்பெக்டிவ்' பாடநூலின் 4ஆம் அத்தியாயம்தான் நமக்கு மூலப்பொருள். அதில் ஒய்86-64 என்ற சிறிய இன்ஸ்ட்ரக்ஷன் செட் வருகிறது. அதற்கு முதலில் ஒரு கிளாக்கில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷனை முடிக்கும் வரிசை மாடலையும், பிறகு ஃபெட்ச், டிகோட், எக்ஸிக்யூட், மெமரி, ரைட்பேக் என ஐந்து கட்டங்கள் கொண்ட பைப் மாடலையும் கட்டிக் காட்டுகிறார்கள்.

பிரயன்ட் பாடநூல் ஆசிரியர் மட்டுமல்ல. பூலியன் சார்புகளை வரைபடமாக வைத்துக் கையாளும் முறை பற்றி 1986இல் அவர் வெளியிட்ட கட்டுரை, சிப் சரிபார்ப்புத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. தன் பாடநூலில் உள்ள பைப்லைனையே எடுத்துக்கொண்டு, 2005இல் யூக்லிட் என்ற கருவியாலும், 2018இல் 64 பிட் வடிவத்தை யூக்லிட்5 கருவியாலும் முறைசார் சரிபார்ப்பு செய்திருக்கிறார். மாணவர்களுக்குக் கற்றுத்தரும் டிசைனைத் தானே நிரூபித்துப் பார்க்கும் இந்த ஒழுக்கத்தைத்தான் இந்தத் துறையில் நாங்கள் முதலில் மதிக்கிறோம்.

அடிப்படை உத்தி ஜெர்ரி பர்ச், டேவிட் டில் இருவருடையது, 1994இல் வந்தது. இன்டெல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழை வெளியே தெரிந்ததும் அதே ஆண்டில்தான். அந்தப் பிழைக்காக இன்டெல் கணக்கில் எழுதிய இழப்பு 47.5 கோடி டாலர்.

படி 1: எதை எதோடு ஒப்பிடுகிறோம்

புரோகிராமர் கண்ணுக்குத் தெரியும் நிலை என்பது புரோகிராம் கவுண்டர், ரெஜிஸ்டர்கள், மெமரி, கண்டிஷன் கோடுகள் (கடைசிக் கணக்கின் விடை பற்றிய குறிகள்), ஸ்டேட்டஸ் (சரியாக ஓடுகிறதா, நின்றதா, பிழையா என்பது) ஆகியவை. வரிசை மாடலில் இவ்வளவுதான் இருக்கும். பைப் மாடலில் இவற்றோடு, பாதி முடிந்த இன்ஸ்ட்ரக்ஷன்களைத் தாங்கும் பைப்லைன் ரெஜிஸ்டர்களும் உண்டு. அரைகுறையாக நிற்கும் நிலையை முழுமையான நிலையோடு நேரடியாக ஒப்பிட முடியாது.

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியை நினைத்துப் பாருங்கள். வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று இலை ஐந்து இடங்களில் ஒரே நேரத்தில் இருக்கிறது. இந்த நிமிடம் எவ்வளவு தூள் என்று சரியாகக் கணக்குச் சொல்ல ஒரே வழி, புது இலை போடுவதை நிறுத்தி, உள்ளே இருப்பதை எல்லாம் ஓடவிட்டு, கடைசியில் குவிந்ததை எடை போடுவது. பர்ச், டில் முறையில் ஃப்ளஷ் என்பது இதுதான்.

ஆக, எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும் இரண்டு வழிகள் ஒரே இடத்தில் முடிய வேண்டும்:

வழி அ: பைப்லைனை ஒரு கிளாக் ஓட்டு, பிறகு ஃப்ளஷ் செய்.
வழி ஆ: முதலில் ஃப்ளஷ் செய், பிறகு வரிசை மாடலில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் ஓட்டு.

வழி அ-வின் அந்த ஒரு கிளாக்கில் ஸ்டால் (ஒரு கட்டம் நகராமல் காத்து நிற்பது) காரணமாகப் புது இன்ஸ்ட்ரக்ஷன் உள்ளே வராமல் போகலாம், அல்லது வந்தது தவறான ஜம்ப் பாதையில் இருந்து பின்னர் அழிக்கப்படலாம். அப்போது வழி ஆ-வில் வரிசை மாடலை ஓட்டாமல் விட்டு ஒப்பிட வேண்டும்.

படி 2: தேவையில்லாத விவரத்தை மறையுங்கள்

64 பிட் கூட்டலை அப்படியே சால்வரிடம் கொடுக்காதீர்கள். நாம் சரிபார்ப்பது கன்ட்ரோல் லாஜிக்கை (எது எப்போது நகர வேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதியை) மட்டுமே. ஏ.எல்.யூ. (கணக்கிடும் சர்க்யூட்) என்பது 'ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு தரும் ஏதோ ஒரு சார்பு' என்று மட்டும் சொன்னால் போதும். இசட்3இல் வார்த்தை மதிப்புகளுக்கு டிக்ளேர்சார்ட் மூலம் உள்ளடக்கமில்லாத ஒரு வகையை உருவாக்குங்கள். ஏ.எல்.யூ., இன்ஸ்ட்ரக்ஷன் மெமரி, அடுத்த முகவரி கணக்கிடுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் மூலம் ஒரு சார்பை அறிவியுங்கள். ரெஜிஸ்டர் ஃபைலும் டேட்டா மெமரியும் அர்ரேக்கள்: எழுத ஸ்டோர், படிக்க செலக்ட்.

இந்த மறைப்பு சில இடங்களில் அளவுக்கு மீறிப் போய்விடும். பாடநூலின் பைப் மாடல், எல்லா ஜம்ப்பும் நடக்கும் என்றே ஊகிக்கிறது. நடக்காது என்று ஊகிக்கும்படி மாற்றினால், ஜம்ப் இலக்கு முகவரி பூஜ்யத்தோடு கூட்டப்பட்டு ஏ.எல்.யூ. வழியாக அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஏ.எல்.யூ. பற்றி எதுவும் தெரியாத சால்வருக்கு, பூஜ்யத்தைக் கூட்டினால் மதிப்பு மாறாது என்பதும் தெரியாது. இல்லாத பிழையை இருப்பதாகக் காட்டும். அந்த ஒரு பண்பை மட்டும் நிபந்தனையாகச் சேருங்கள். முழுக் கூட்டலையும் கொண்டுவர வேண்டாம்.

படி 3: மூன்று கட்டப் பைப்லைனில் கை பழகுங்கள்

நேரடியாக ஒய்86-64க்குப் போனால், பிழை டிசைனிலா, சரிபார்ப்புக் கோடிலா என்று பிரித்தறிய முடியாமல் திணறுவீர்கள். முதலில் ஏ.எல்.யூ. இன்ஸ்ட்ரக்ஷன் மட்டும் உள்ள ஒரு சின்ன பைப்லைன் போதும்: இரண்டு ரெஜிஸ்டர்களைப் படி, கணக்கிடு, ஒன்றில் எழுது.

முதல் கட்டம் இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்து ரெஜிஸ்டர்களைப் படிக்கிறது. இரண்டாவது கணக்கிடுகிறது. மூன்றாவது எழுதுகிறது. இடையில் இரண்டு பைப்லைன் ரெஜிஸ்டர்கள். முதலாவதில் செல்லுபடி பிட், ஆப்கோடு, இரண்டு மதிப்புகள், இலக்கு. இரண்டாவதில் செல்லுபடி பிட், விடை, இலக்கு. படிக்கும் கட்டத்தில் ஃபார்வர்டிங் (இன்னும் எழுதப்படாத விடையைப் பின்னால் வருவதற்கு நேரடியாகக் கொடுப்பது) வரிசை: முதலில் கணக்கிடும் கட்டத்தின் விடை, அடுத்து எழுதும் கட்டத்தின் விடை, இரண்டிலும் இல்லையென்றால் ரெஜிஸ்டர் ஃபைல்.

ஒரு கிளாக் ஓட்டுவதை ஒரு பைத்தான் ஃபங்ஷனாக எழுதுங்கள். பழைய நிலை, ஃப்ளஷ் பிட் இரண்டும் உள்ளே போகும். புதிய நிலை வெளியே வரும். ஃப்ளஷ் பிட் உண்மையானால் புரோகிராம் கவுண்டர் அப்படியே நிற்கும், உள்ளே பபிள் (எதுவும் செய்யாத வெற்று இன்ஸ்ட்ரக்ஷன்) போகும். இந்த பைப்லைன் காலியாக 2 கிளாக் போதும். ஸ்டால் எதுவும் இல்லாததால் வழி அ, வழி ஆ இரண்டும் எப்போதும் சமமாக வர வேண்டும்.

சால்வரிடம் கேட்கும்போது இரண்டும் சமம் என்று கொடுக்காதீர்கள். சமமில்லை என்று கொடுங்கள். அன்சாட் வந்தால், சமமில்லாத ஒரு நிலையும் இல்லை, அதாவது நிரூபணம் முடிந்தது. சமம் என்று கொடுத்து சாட் வந்தால், எங்கோ ஒரு நிலையில் சமமாக இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

ரெஜிஸ்டர் ஃபைல்களை மொத்தமாக ஒப்பிடாமல், ஏதோ ஒரு ரெஜிஸ்டர் எண்ணை மாறியாக வைத்து அந்த இடத்தின் மதிப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள். நிரூபணத்தின் வலிமை குறையாது. பிழை வந்தால் எந்த ரெஜிஸ்டரில் என்று உடனே தெரியும்.

படி 4: ஒய்86-64 கன்ட்ரோல் லாஜிக்

இப்போது ஐந்து கட்டத்துக்கு வரலாம். பிழை ஸ்டேட்டஸைக் கையாளுவது தவிர, மூன்று சிக்கல் நிலைகள் உண்டு:

மோதல் = எக்ஸிக்யூட்டில் லோடு (மெமரியிலிருந்து படிப்பது) அல்லது பாப் (ஸ்டாக்கிலிருந்து எடுப்பது) இருக்கிறது; அது மெமரியிலிருந்து நிரப்பப்போகும் ரெஜிஸ்டரை டிகோடில் இருப்பது இப்போதே கேட்கிறது
ரெட்-உள்ளே = டிகோட், எக்ஸிக்யூட், மெமரி மூன்றில் ஒன்றில் ரெட் (ஃபங்ஷனிலிருந்து திரும்பும் இன்ஸ்ட்ரக்ஷன்) இருக்கிறது
தவறான-ஜம்ப் = எக்ஸிக்யூட்டில் ஜம்ப்; நிபந்தனை பொய்

அவற்றுக்கான கன்ட்ரோல்:

ஃபெட்ச் ஸ்டால் = மோதல் அல்லது ரெட்-உள்ளே
டிகோட் ஸ்டால் = மோதல்
டிகோட் பபிள் = தவறான-ஜம்ப் அல்லது (ரெட்-உள்ளே, ஆனால் மோதல் இல்லை)
எக்ஸிக்யூட் பபிள் = தவறான-ஜம்ப் அல்லது மோதல்

மூன்றாவது வரியில் உள்ள 'மோதல் இல்லை' என்பதைக் கவனியுங்கள். ஸ்டாக் பாயிண்டருக்கு (ஸ்டாக்கின் உச்சியைச் சுட்டும் ரெஜிஸ்டருக்கு) ஒரு லோடு, அடுத்த இன்ஸ்ட்ரக்ஷனே ரெட். லோடு எக்ஸிக்யூட்டில் இருக்கும்போது ரெட் டிகோடில் நின்று ஸ்டாக் பாயிண்டரைக் கேட்கிறது. மோதல் விதி 'டிகோடை நிறுத்து' என்கிறது. ரெட் விதி 'டிகோடில் பபிள் போடு' என்கிறது. இரண்டும் ஒரே கிளாக்கில். பபிள் ஜெயித்தால் ரெட் அங்கேயே அழிந்துவிடும். அடுத்த கிளாக்கில் ரெட் எங்கும் இல்லாததால் ஃபெட்ச் ஸ்டாலும் விலகும். ஃபங்ஷன் திரும்பாமல், ரெட்டுக்குப் பின்னால் மெமரியில் என்ன கிடக்கிறதோ அதை இன்ஸ்ட்ரக்ஷனாக எடுத்து ஓட ஆரம்பித்துவிடும். சரியான முடிவு, ரெட் ஒரு கிளாக் காத்திருப்பதுதான்.

மோதலைத் தனியாகவும் ரெட்டைத் தனியாகவும் நூறு விதமாக டெஸ்ட் செய்தாலும் இது அகப்படாது. கம்பைலர் எழுதும் சாதாரணக் கோடில் இந்த ஜோடி ஏறக்குறைய வரவே வராது. சால்வரோ அந்த ஜோடியைத் தானே தேடி எடுத்து முன்னால் வைக்கும். இந்த முறைக்கு இவ்வளவு உழைக்கலாம் என்று நாங்கள் சொல்வதற்கு இந்த ஓர் இடமே போதும்.

ஃபார்வர்டிங் முன்னுரிமையும் முக்கியம்: எக்ஸிக்யூட் விடை, மெமரியில் படித்த மதிப்பு, மெமரிக் கட்டத்தில் நிற்கும் ஏ.எல்.யூ. விடை, ரைட்பேக்கின் மெமரி மதிப்பு, ரைட்பேக்கின் ஏ.எல்.யூ. விடை. இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றினால், ஸ்டாக் பாயிண்டரையே பாப் செய்யும் இன்ஸ்ட்ரக்ஷனில் மட்டும் தப்பும். அங்கே இரண்டு எழுதல்களும் ஒரே ரெஜிஸ்டருக்குப் போகின்றன. மெமரியிலிருந்து வந்ததுதான் ஜெயிக்க வேண்டும். ரெஜிஸ்டர் ஃபைலில் எழுதும்போதும் இதே முன்னுரிமை வேண்டும்.

ஒய்86-64இல் ரெஜிஸ்டர்கள் 15, அவற்றின் எண்கள் 0 முதல் 14 வரை. எண் 15 என்பது 'ரெஜிஸ்டர் இல்லை' என்று பொருள். அந்த எண்ணுக்கு எழுதுவது எதையும் மாற்றக்கூடாது, படித்தால் பூஜ்யம் வர வேண்டும். இதை மாடலில் விட்டுவிட்டால் பபிள்கள் எல்லாம் 15இல் எழுதிப் பொய்யான வேறுபாடு காட்டும்.

படி 5: ஃப்ளஷை எழுதுவது

அதிக நேரம் இங்கேதான் போகும். மூன்று கட்டப் பைப்லைனில் எழுதிய எளிய ஃப்ளஷ் இங்கே இரண்டு இடத்தில் உடையும்.

முதலாவது: ஃப்ளஷ் நடக்கும்போது டிகோடுக்குள் கண்ணை மூடிக்கொண்டு பபிள் போடக்கூடாது. மோதல் காரணமாக டிகோடில் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் நிற்கிறது என்றால் பபிள் அதை விழுங்கிவிடும். டிகோட் ஸ்டால் இல்லாதபோது மட்டும் பபிள் போடுங்கள்.

இரண்டாவது: புரோகிராம் கவுண்டரை வெறுமனே உறைய வைக்கக்கூடாது. தவறான ஜம்ப்பைத் திருத்தும் முகவரி, ஜம்ப் மெமரிக் கட்டத்துக்கு வந்த கிளாக்கில் மட்டுமே கிடைக்கும். ரெட் தரும் முகவரி, அது ரைட்பேக்குக்கு வந்த கிளாக்கில் மட்டும். அந்தக் கிளாக்கில் ஃபெட்ச் ரெஜிஸ்டர் உறைந்திருந்தால் சரியான முகவரி தொலைந்துபோகும். ஆகவே ஃப்ளஷ் பிட் உண்மையாக இருக்கும்போது, ஊகித்த அடுத்த முகவரிக்குப் பதிலாக, அந்தக் கிளாக்கில் தேர்வான முகவரியையே ஃபெட்ச் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். திருத்தம் இல்லாத கிளாக்குகளில் அது பழைய மதிப்பாகவே இருக்கும்.

எத்தனை கிளாக்? டிகோடில் நிற்கும் இன்ஸ்ட்ரக்ஷன் எக்ஸிக்யூட், மெமரி, ரைட்பேக் தாண்டி ரெஜிஸ்டரில் எழுதப்பட 4. இடையில் ஒரு மோதல் ஸ்டால் வரலாம் என்பதால் 5. மோதலுக்குப் பிறகு எக்ஸிக்யூட்டில் பபிள் இருக்குமாதலால் அதே இன்ஸ்ட்ரக்ஷனுக்கு இரண்டாவது ஸ்டால் வராது. 4 என்று வைத்தால் லோடு சம்பந்தப்பட்ட எதிர் உதாரணங்களாக வந்து குவியும். டிசைனைக் குடைவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

படி 6: நடக்க முடியாத நிலைகளை விலக்குங்கள்

சால்வர் எந்த நிலையிலிருந்தும் தொடங்கும். எக்ஸிக்யூட்டில் ரெட்டும் டிகோடில் ஒரு கூட்டலும் இருக்கும் நிலையைக்கூட எடுக்கும். உண்மையில் ரெட்டுக்குப் பின்னால் பபிள்தான் வரும். இப்படிப்பட்ட எதிர் உதாரணம் வந்தால், 'எக்ஸிக்யூட்டில் ரெட் என்றால் டிகோடில் பபிள்' என்பதுபோல் ஒரு மாறா நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பபிளுக்கு இலக்கு ரெஜிஸ்டர் இருக்கக்கூடாது, லோடும் பாப்பும் தவிர வேறெதற்கும் மெமரி-இலக்கு இருக்கக்கூடாது என்பவையும் தேவைப்படும்.

சேர்த்த ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனி நிரூபணம் வேண்டும். நிபந்தனைகள் உண்மையாக உள்ள நிலையிலிருந்து ஒரு கிளாக் ஓட்டினால், பிறகும் அவை உண்மையாகவே இருக்கின்றனவா என்று சால்வரிடம் கேளுங்கள். ரீசெட் நிலையிலும் அவை உண்மையா என்று பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு, எதிர் உதாரணம் வரும்போதெல்லாம் ஒரு நிபந்தனையைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டே போனால், கடைசியில் உண்மையான பிழையையும் சேர்த்துப் புதைத்துவிடுவீர்கள்.

நிபந்தனைகளை மட்டும் தனியாகக் கொடுத்து சாட் வருகிறதா என்றும் பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், எதைக் கேட்டாலும் அன்சாட் வரும். திரையில் அது நிரூபணம் போலவே தெரியும்.

படி 7: பன்னிரண்டு துண்டாக ஓட்டுங்கள்

ஒய்86-64இல் இன்ஸ்ட்ரக்ஷன் வகைகள் 12. முதல் கிளாக்கில் எடுக்கப்படுவது எந்த வகை என்று பிரித்துத் தனித்தனியாக ஓட்டி, ஒவ்வொரு முடிவையும் ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள். செல்லாத ஆப்கோடுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு துண்டு வேண்டும். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் மரம் சாய்ந்து கரன்ட் போவது வாடிக்கை. துண்டாக ஓட்டினால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். எந்த இன்ஸ்ட்ரக்ஷனில் சிக்கல் என்பதும் பார்த்தவுடன் தெரியும்.

பதினொரு கிளாக் (வழி அ-வில் 1+5, வழி ஆ-வில் 5) ஓடிய பிறகு நிலையை பிரின்ட் செய்யாதீர்கள். இசட்3 உள்ளே பொதுவான பகுதிகளைப் பகிர்ந்து சிறிதாக வைத்திருக்கும். அதை எழுத்தாக விரித்தால் திரை நிரம்பி லேப்டாப் திணறும். எதிர் உதாரணத்தில், ஒவ்வொரு கிளாக்கின் ஐந்து கட்டங்களிலும் எந்த இன்ஸ்ட்ரக்ஷன் நின்றது, ஸ்டால், பபிள் பிட்கள் என்ன என்பதை மட்டும் அட்டவணையாக எடுங்கள். வழி அ, வழி ஆ இரண்டின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலில் பிரியும் வரிசையில் காரணம் இருக்கும்.

படி 8: வேண்டுமென்றே உடையுங்கள்

எல்லாத் துண்டும் அன்சாட் ஆனதும் ரிப்போர்ட் எழுத உட்காராதீர்கள். டிசைனில் ஒவ்வொன்றாகப் பிழையை நட்டுப் பாருங்கள். 'மோதல் இல்லை' என்பதை நீக்குங்கள். பாப் முன்னுரிமையை மாற்றுங்கள். ரைட்பேக்கிலிருந்து வரும் ஃபார்வர்டிங்கை எடுத்துவிடுங்கள். தவறான ஜம்ப்பில் எக்ஸிக்யூட் பபிளை விட்டுவிடுங்கள். மெமரியிலோ ரைட்பேக்கிலோ பிழை ஸ்டேட்டஸ் இருக்கும்போதும் கண்டிஷன் கோடு மாறும்படி செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாட் வர வேண்டும். ஒன்று தப்பினாலும் முன்பு வந்த அன்சாட்டுகளை நம்பக்கூடாது. பிழை உங்கள் ஒப்பீட்டிலோ நிபந்தனையிலோ இருக்கிறது.

படி 9: நின்றுபோகாது என்பதையும் நிரூபியுங்கள்

எப்போதும் ஸ்டாலிலேயே நிற்கும் பிராசஸர் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பாஸ் செய்துவிடும், ஏனென்றால் வழி ஆ-வில் ஓட்டாமல் ஒப்பிட நாமே அனுமதித்திருக்கிறோம். ஆகவே இன்னொரு கேள்வி வேண்டும்: ஸ்டேட்டஸ் சரியாக இருக்கும் எந்த நிலையிலிருந்தும் 5 கிளாக்குக்குள் முடிவு வரை போகும் இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றாவது உள்ளே வருகிறதா? 5 ஏனென்றால், மோசமான நிலை நாம் மேலே பார்த்த அதே லோடு, ரெட் ஜோடி. மோதலுக்கு 1 கிளாக், ரெட் டிகோட், எக்ஸிக்யூட், மெமரி தாண்ட 3, ஐந்தாவதில் சரியான முகவரியிலிருந்து ஃபெட்ச். ஹால்ட், பிழை ஸ்டேட்டஸ் இரண்டையும் இந்தக் கேள்வியிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றுக்குப் பிறகு நிற்பதுதான் சரி.

எது இதில் அடங்கவில்லை

ரிப்போர்ட்டில் இதைத் தெளிவாக எழுதுங்கள். ஏ.எல்.யூ.வின் உள்ளே இருக்கும் கூட்டல் சர்க்யூட் சரியா என்பதை இந்த நிரூபணம் தொடவில்லை. கிளாக் வேகம், டைமிங் இதில் இல்லை. இன்ஸ்ட்ரக்ஷன் மெமரியும் டேட்டா மெமரியும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டோம். ஓடும்போதே தன் கோடைத் தானே மாற்றி எழுதும் புரோகிராமுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே ஃபெட்ச் ஆன இன்ஸ்ட்ரக்ஷனின் மேல் எழுதினால் பைப் மாடல் பழையதையே ஓட்டும்.

நீங்கள் வெரிலாக்கில் (சிப் டிசைனை எழுதும் மொழியில்) எழுதிய டிசைனுக்கும் பைத்தானில் எழுதிய மாடலுக்கும் இடையே கையால் பெயர்த்த தூரம் ஒன்று இருக்கிறது. பிழை அதற்குள் ஒளியலாம். பிரயன்ட் 2005 வேலையில், பாடநூல் ஹெச்.சி.எல். என்ற சிறு மொழியில் தரும் கன்ட்ரோல் லாஜிக்கை யூக்லிட்டுக்குத் தானாக மாற்றும் வழியை அமைத்தது இதனால்தான். உங்கள் அளவில், படி 4இன் சமன்பாடுகளை ஒரே ஃபைலில் எழுதி, அதிலிருந்தே வெரிலாக் வரிகளையும் இசட்3 வரிகளையும் உருவாக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். இது முடிந்தபிறகு இன்னும் நேரம் இருந்தால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி குடும்பத்து ரிஸ்க்-ஃபைவ் (திறந்த இன்ஸ்ட்ரக்ஷன் செட்) பிராசஸர்களின் மூலக் கோடு புளூஸ்பெக் மொழியில் திறந்தே கிடைக்கிறது. அதில் சி-கிளாஸ் என்ற பிராசஸரின் ஃபார்வர்டிங் பகுதியை மட்டும் எடுத்து, படி 3இல் செய்ததுபோல் சின்னதாக மாடல் செய்து தொடங்குங்கள்.